ஒரே நாளில் 14 லோன் கால், 130 ரூபாய்க்கு ஒரு அகராதி

வணக்கம் மக்களே. இன்று சில்வர் பீச் வீடியோ கிடையாது. மஞ்சக்குப்பம் வீட்டு மொட்டை மாடியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். இஞ்சி டீ இருக்கிறது. ஏலக்காய் டீ என்றால் நான் எழுந்து போய்விடுவேன் என்பது உங்களுக்கே தெரியும்.

செம கடுப்பில் இருக்கிறேன். போன புதன்கிழமை ஒரே நாளில் 14 அழைப்பு. எண்ணி வைத்தேன். "மேடம், உங்களுக்கு பர்சனல் லோன் ரெடியாக இருக்கிறது." நான் எப்போது கேட்டேன்? போன கருவாட்டுக் குழம்பு வீடியோவில் தாளிக்கும் நேரத்தில் போன் அடித்ததே, அதுவும் அவர்கள்தான். கம்பெனி பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

வேண்டாத விளம்பர அழைப்புகளைப் பற்றிப் புகார் சொல்லும் எண் 1909, அதற்குப் புகார் கொடுத்தேன். அப்புறம் அந்தக் கம்பெனிக்கே ஆங்கிலத்தில் ஒரு மெயில் எழுத உட்கார்ந்தேன், அங்கேதான் மாட்டிக்கொண்டேன். இவர்கள் செய்கிற வேலைக்கு என்ன சொல் போடுவது? டிஸ்டர்ப் என்றால் ஏதோ மதியத் தூக்கத்தில் கதவைத் தட்டியது மாதிரி இருக்கிறது. ஹராஸ்மென்ட் என்று போட்டால் அண்ணன் மகன், "அத்தை, அது போலீஸ் கேஸ் ரேஞ்சு" என்கிறான். மொபைலில் தேடினால் ஒரு சொல்லுக்கு இரண்டு விளம்பரம், அதில் ஒன்று லோன் விளம்பரம்!

ஞாயிற்றுக்கிழமை பாண்டிக்கு பஸ் ஏறிவிட்டேன். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய புத்தகம் பரப்பியிருந்தவரிடம் தடியாக ஒரு ஆங்கில அகராதி. ஒவ்வொரு சொல்லும் எங்கிருந்து வந்தது என்பது வரை போட்டிருக்கிறது. 250 சொன்னார். நான் 100. அவர் 200. நான் நடக்க ஆரம்பித்தேன். நடந்தால் கூப்பிடுவார்கள் என்று எப்போதும் சொல்வேனே, நாலு கடை தாண்டியும் இவர் கூப்பிடவில்லை! வெட்கத்தை விட்டு நானே திரும்பிப் போய் 130க்கு முடித்தேன். கூடவே ஒரு துணிப்பை வேண்டும் என்றேன். கொடுத்தார். அதை வெற்றி என்றுதான் சொல்வேன்.

வீட்டுக்கு வந்து பிரித்தால், இங்கே பாருங்கள், கேமரா பக்கம் காட்டுகிறேன். ராமபாணப் பூச்சி அரித்திருக்கிறது. எந்தப் பக்கத்தை? பெஸ்ட் என்ற சொல் இருக்கும் பக்கத்தை. சிறந்தது என்ற பெஸ்ட் இல்லை, பயிரையும் புத்தகத்தையும் தின்கிற பூச்சி, அந்த பெஸ்ட். தொல்லை கொடுக்கிற ஆளையும் ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்வார்கள். நல்ல வேளை, ஓட்டை இரண்டு வரி தள்ளி விழுந்திருக்கிறது.

அந்த பெஸ்ட் லத்தீனில் பெஸ்டிஸ். அங்கே அது பூச்சி இல்லை, ஊரையே காலி செய்கிற கொள்ளை நோய். 1994இல் சூரத்தில் பிளேக் வந்தபோது நாடே நடுங்கியதே, அந்த நோய்க் கிருமியின் அறிவியல் பெயரிலும் இந்த பெஸ்டிஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறது: யெர்சினியா பெஸ்டிஸ். பிளேக் என்பதும் லத்தீன் வழியாக வந்ததுதான், அங்கே அதற்கு அடி, காயம் என்று பொருள். மேலே இருந்து விழுகிற அடி. நம் பைபிளில் எகிப்துக்கு வந்த பத்து வாதைகள் என்கிறோமே, ஆங்கிலத்தில் அவை பிளேக். இப்போது வெள்ளைக்காரர்கள் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டாலே பிளேக் என்கிறார்கள்.

சிரிக்காதீர்கள், நாமும் அப்படித்தான். வாந்திபேதி தெருத் தெருவாக ஆளைக் கொண்டுபோன காலத்தில் "பேதியில போக" என்பது எவ்வளவு பயங்கரமான சாபமாக இருந்திருக்கும்! என் ஆயா அதைப் பேரனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே சொல்லும். சனியன் ஒரு கிரகம், ரிமோட்டில் பேட்டரி தீர்ந்தால்கூட அதைத்தான் திட்டுகிறோம்.

அட, ஒன்றை விட்டுவிட்டேன். அகராதி வாங்கு என்று சொன்னதே பாண்டியில் இருக்கும் என் பழைய டீச்சர்தான். பிரெஞ்சு நன்றாகத் தெரிந்தவர். மார்க்கெட்டுக்கு முன்னால் அவர் வீட்டுக்குத்தான் போனேன். பேத்தி சோபாவில் குதித்துக்கொண்டிருந்தாள், டீச்சர் அவளை "பெத்தீத் பெஸ்த்" என்றார். குட்டிப் பிளேக்! பிரெஞ்சிலும் நோய்க்கும் வாலுப் பிள்ளைக்கும் ஒரே சொல்லாம்.

சரி, மெயிலுக்கு வருகிறேன். ஓயாமல் நச்சரிப்பதற்கு ஆங்கிலத்தில் பெஸ்டர், அதை எழுதலாமா என்று பார்த்தேன். பெஸ்ட்டுக்குத் தங்கச்சி என்று நினைத்தால், இல்லை. மேய்கிற மாடு குதிரை ஓடாமல் காலைக் கட்டுவோமே, அந்த வேலைக்கான பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததாம். பெஸ்ட் பக்கத்தில் இருந்து இருந்து பொருளும் இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. கால் கட்டு! ஒரு வேலையும் ஓடாமல் நான் நிற்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா?

எனக்கு ரொம்பப் பிடித்த ஆங்கிலச் சொல் பேன் (bane). தமிழில் எழுதினால் தலையில் ஊருகிற பேன் ஆகிவிடுகிறது, அதுவும் சரிதான். பழைய ஆங்கிலத்தில் பேன் என்றால் கொலைகாரன். இன்று "நீ என் வாழ்க்கையின் பேன்" என்றால் உயிரை வாங்குகிறாய் என்று அர்த்தம். அச்சு அசலாக நம் வழக்கு! அண்ணன் மகனுக்குச் சொன்னேன், அவன் தலையைச் சொறிந்தான்.

கடைசியில் மெயிலில் போட்டது நியூசன்ஸ். லத்தீனில் தீங்கு செய்வது என்ற வேரிலிருந்து வந்தது. அதற்காக அதை எடுக்கவில்லை. "நியூசன்ஸ் கேஸ் போடுவேன்" என்று நம் ஊரில் போலீஸ்காரர் மிரட்டாத தெரு உண்டா? பழைய ஐபிசி 290இல் அதற்கு 200 ரூபாய் வரை அபராதம், 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்தில் 1000 வரை. பொதுமக்களுக்குத் தொல்லை கொடுத்தால்தான் அந்தப் பிரிவு, என் ஒருத்திக்குக் கொடுத்தால் பொருந்தாது என்று எனக்கும் தெரியும். ஆனால் இந்த வரிசையில் காக்கிச் சட்டை வாசனை அடிக்கிற சொல் அது ஒன்றுதான்.

மெயில் போய்விட்டது. நேற்று 9 அழைப்பு, இன்று இதுவரை 3. எங்கள் அம்மா இதை ரோதனை என்பார். நெய்வேலி, பண்ருட்டி, சிதம்பரம் பக்கம் என்ன சொல்கிறீர்கள் என்று கமெண்டில் எழுதுங்கள்.

அகராதிக்கு அட்டை போட்டுத் தைக்க 90 ரூபாய் கேட்கிறார்கள். 130 ரூபாய் புத்தகத்துக்கு 90 ரூபாய் அட்டையா? துணிப்பையிலேயே இருக்கட்டும்.