உண்மை சொல்ல ஆளில்லாத ஆட்சி

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். ‘சலாசார் போர்ச்சுகலுக்கு விட்டுச்சென்றது உறுதியா, ஊனமா?’ என்பது இன்றைய தலைப்பு. சலாசார் அந்நாட்டை முப்பத்தாறு ஆண்டுகள் பிரதமராக ஆண்ட சர்வாதிகாரி. உறுதியே என்று வாதிட்ட நண்பர், 1928-இல் நிதியமைச்சராக வந்த அந்தக் கோயிம்பிரா பல்கலைக்கழகப் பேராசிரியர் தள்ளாடிக்கொண்டிருந்த நாட்டின் வரவுசெலவை ஓராண்டுக்குள் நேர்செய்ததையும், இரண்டாம் உலகப் போரில் நடுநிலை காத்ததையும் எடுத்துரைத்தார். இரண்டையும் மறுக்கமாட்டேன். அவர் தமக்கென்று சொத்துக் குவிக்கவில்லை என்பதையும் நண்பர் சேர்த்துக்கொள்ளட்டும். எதிரணிக்கு நானே சான்று எடுத்துக் கொடுத்ததற்காக நடுவர் மதிப்பெண்ணைக் குறைத்துவிடக் கூடாது.

ஆனால் 1932 முதல் 1968 வரை பிரதமராக இருந்த அவருக்குப் பிடிக்காத உண்மையைச் சொன்னவர்கள் என்ன ஆனார்கள்? 1958-இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்ற ஜெனரல் உம்பெர்த்து டெல்காடு, வென்றால் சலாசாரை என்ன செய்வீர்கள் என்று கேட்கப்பட்டபோது, பதவியிலிருந்து நீக்குவேன் என்று தயங்காமல் சொன்னார். அவர் தோற்றதாக அறிவித்தார்கள். மறு ஆண்டே அப்பதவிக்கு மக்கள் நேரடியாக வாக்களிக்கும் முறையை ஒழித்தார்கள். 1965-இல் ஸ்பெயின் எல்லையருகே ‘பிடே’ என்னும் இரகசியக் காவல்துறையினர் அவரைக் கொன்றார்கள். நடுநிலையைப் புகழ்ந்த நண்பர், 1940-இல் பிரான்சின் போர்தோ நகரில் போர்ச்சுகலின் துணைத்தூதராக இருந்த அரிஸ்டிடெஸ் டி சௌசா மென்டெஸை ஏனோ மறந்துவிட்டார். நாஜிகளிடமிருந்து தப்பி ஓடிவந்த யூதர் உள்ளிட்ட அகதிகளுக்கு, மேலிடத் தடையை மீறி ஆயிரக்கணக்கில் விசா வழங்கிய அவர், பதவியிழந்து 1954-இல் வறுமையில் இறந்தார்.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு சான்று உண்டு. 1961 டிசம்பரில் இந்தியப் படை போர்ச்சுகலின் பிடியிலிருந்த கோவாவை நெருங்கியபோது, அங்கிருந்த சில ஆயிரம் வீரர்களுக்கு லிஸ்பனிலிருந்து வந்த கட்டளை, வெல்லுங்கள் அல்லது மடியுங்கள், சரணடையாதீர்கள் என்பதுதான். வீண் உயிர்ப்பலி வேண்டாமென்று 19-ஆம் தேதி சரணடைந்த ஆளுநர் வாசாலோ இ சில்வா, நாடு திரும்பியபின் படையிலிருந்தே வெளியேற்றப்பட்டார். அதே ஆண்டு போர்ச்சுகலின் ஆப்பிரிக்கக் காலனியான அங்கோலாவில் தொடங்கிய விடுதலைப் போர், அதன் மற்றக் காலனிகளான கினியாவுக்கும் மொசாம்பிக்குக்கும் பரவியது. அதை நிறுத்தச் சொல்லும் துணிவு அமைச்சரவையில் எவருக்கும் இல்லாததால், 1974 ஏப்ரல் 25 அன்று படையதிகாரிகளே ஆட்சியைக் கவிழ்க்க வேண்டியதாயிற்று. கருவூலத்தில் தங்கம் நிறைந்திருந்த அந்நாட்டில் 1970-இலும் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு எழுத்தறிவில்லை. பிழைப்புக்காகவும் போருக்கு அஞ்சியும் இளைஞர்கள் எல்லை தாண்டிப் பிரான்சுக்குச் சென்றுகொண்டிருந்தார்கள்.

2007-இல் ஒரு தொலைக்காட்சி வாக்கெடுப்பு அவரையே மாபெரும் போர்ச்சுகீசியராகத் தேர்ந்தெடுத்ததே என்றார் நண்பர். உண்மைதான். விரும்பியவரை அச்சமின்றித் தேர்ந்தெடுக்கும் அந்த வாய்ப்பைத் தம் ஆட்சியில் அவர் ஒருமுறைகூட மக்களுக்குத் தரவில்லை.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். இன்னும் ஒன்றே ஒன்று. 1968-இல் நாற்காலியிலிருந்து விழுந்து மூளையில் அடிபட்ட சலாசாருக்குப் பதிலாக மார்செலு கயெத்தானு பிரதமரானார். உடனிருந்தவர்கள் எவரும் அதைக் கிழவரிடம் சொல்லத் துணியவில்லை. 1970 ஜூலையில் இறக்கும்வரை, தாமே நாட்டை ஆள்வதாக அவர் நம்பிக்கொண்டிருந்தார்.