கடைசலில் பிறக்கும் மீன்

நேயர்களுக்கு வணக்கம்.

மரம் கடையும் லேத்துக்குத் தெரிந்தது ஒரே வேலைதான். எந்தக் கட்டையைக் கொடுத்தாலும் அதை உருட்டி எடுக்கும். கட்டில் கால், பூரிக்கட்டை, பம்பரம் எல்லாம் அதில் பிறந்தவைதான். அந்த உருளைக் கட்டையைத் தண்ணீரில் மீன்போல நெளியவைப்பது எப்படி என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன். தூண்டிலில் உயிர் இரைக்குப் பதிலாகக் கட்டும் மர மீன் இது. மீன் பிடிக்கப் போகும் இளைஞர்கள் லூர் என்பார்கள்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டவாஜியாக் என்று ஒரு சிற்றூர். அங்கே ஜேம்ஸ் ஹெடன் என்ற தேனீ வளர்ப்பவர் 1890களின் கடைசியில் மரத்தில் தவளை செதுக்கி மீன் பிடித்துப் பார்த்தார். 1902 வாக்கில் அது குடும்பத் தொழிலாகவே ஆகிவிட்டது. கடைந்து, வண்ணம் தோய்த்து, கண்ணாடிக் கண் வைத்து அனுப்பினார்கள். பிற்பாடு பிளாஸ்டிக் வந்து மரத்தை ஓரங்கட்டியது. ஆனால் அந்தப் பழைய மர லூர்களை இன்றும் தேடித்தேடிச் சேர்க்கிறார்கள்.

பின்லாந்தின் லௌரி ரப்பாலா வேறு வழியில் வந்தார். ஏரியில் மீன் பிடித்துப் பிழைத்தவர் அவர். சிறுமீன் கூட்டத்துக்குள் பெரிய மீன் பாயும்போது எதைப் பிடிக்கிறது என்று படகிலிருந்தபடி கவனித்தார். நேராக நீந்துவதை விட்டுவிட்டு, சற்றே தள்ளாடுகிற ஒன்றைத்தான் அது குறிவைத்தது. 1936இல் செருப்பு தைக்கும் கத்தியால் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய பளபளத் தாளை அதன்மேல் ஒட்டினார். நனையாமலிருக்கப் பழைய போட்டோ நெகட்டிவை உருக்கிப் பூசினார். அந்த முதல் மீனுக்கு லேத்தே தேவைப்படவில்லை. என்றாலும் லேத்தில் வேலை செய்கிறவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது அவரிடம்தான் இருக்கிறது. லேத் தருவது பிசிறில்லாத சமநிலை. மீனுக்கு வேண்டியது தள்ளாட்டம். அந்தச் சமநிலையை எந்த இடத்தில், எவ்வளவு கெடுக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

சரி, பட்டறைக்குள் போவோம். என்னிடம் இருப்பது வார்ப்பிரும்புப் படுக்கை கொண்ட பழைய லேத். தட்டை பெல்ட், படிப்படியான புல்லி, சுழலும் அச்சைத் தாங்கும் வெண்கல புஷ். ஓட்டுவதற்கு முன்னால் இரண்டு புஷ்ஷுக்கும் சொட்டு எண்ணெய் விட்டுக் கையாலேயே ஒரு சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். அப்புறம்தான் மோட்டார். புதிய சின்ன லேத்துகள் விலை குறைவு, பார்க்கவும் அழகு. ஆனால் பழைய இரும்பின் எடை அவற்றுக்கு இல்லை. கட்டை லேசாக ஆடினாலும் லேத் ஆடாது, உளி அதிராது. அதனால் உப்புத்தாளுக்கு வேலையே குறைந்துவிடும்.

மரம் லேசாக இருக்க வேண்டும், அதே சமயம் நார் பிரியக் கூடாது. அமெரிக்காவில் வெள்ளை சீடார் எடுத்தார்கள், ரப்பாலா பிற்பாடு பால்சா என்ற மிக லேசான மரத்துக்குப் போனார். நம் பக்கம் மரக்கடையில் குமிழ் தேக்கு என்று கேட்டால் கிடைக்கும். பெயரில்தான் தேக்கு. எடையில் தேக்கைவிட நன்றாகவே குறைவு, உளிக்கும் இணக்கம். நிஜத் தேக்கில் கடைந்தால் பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் தூண்டில் முள்ளும் எடைக்கு வைக்கும் ஈயமும் ஏறியபின் தண்ணீரில் சோம்பிக் கிடக்கும்.

12 சென்டிமீட்டர் நீளம், இரண்டரை சென்டிமீட்டர் கனம் உள்ள சதுரக் கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கடைவதற்கு முன்பே நடுவில் துளை போட்டுவிட வேண்டும். ஒரே பக்கமாகத் துளைத்துக்கொண்டு போனால் டிரில் பிட் மரத்தின் ரேகையைப் பிடித்துக்கொண்டு விலகிவிடும். ஆகவே இரண்டு முனையிலிருந்தும் பாதிப் பாதி. அந்தத் துளைகளிலேயே சென்டரை, அதாவது கட்டையை இரு முனையிலும் தாங்கும் கூர்முனைகளை, மாட்டிக் கடைந்தால் துளை தானாக நடுவில் அமைந்துவிடும். இதன் வழியாக ஒரே துருப்பிடிக்காத கம்பி மூக்கிலிருந்து வால்வரை போகும். நடு முள்ளும் வயிற்றுத் துளைக்குள் அந்தக் கம்பியிலேயே கோத்து நிற்கும். பெரிய பாரை கடித்து இழுத்தால் பாரம் முழுவதும் கம்பிக்குத்தான், மரம் பிளந்தாலும் மீன் தப்பாது.

முதலில் மெதுவான வேகத்தில் மூலைகளை எடுத்து உருட்ட வேண்டும். பிறகு பெல்ட்டை மாற்றி வேகத்தைக் கூட்டி, தலைப்பக்கம் ஒடுக்கி, வால்பக்கம் தடிக்கவிட்டு உருவம் கொண்டுவர வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த வேலை இதற்கு அடுத்து வருவது. லேத்தை நிறுத்திவிட்டு, மீனைக் கழற்றாமலே, உளி தாங்கியின்மேல் பென்சிலைச் சாய்த்து மூக்கிலிருந்து வால்வரை ஒரே கோடாக இழுப்பேன். அதுவரை அந்தக் கட்டைக்கு மேலும் கிடையாது, கீழும் கிடையாது. கோடு விழுந்ததும் அது வயிறாகிவிடும். ஈயத் துளை, முள் துளை எல்லாம் அந்தக் கோட்டின் மேல்தான். ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் மீன் பக்கவாட்டில் சரிந்தே நீந்தும்.

ஈயத்தை உடனே ஒட்டிவிடாதீர்கள். முள்ளையெல்லாம் மாட்டி, ஈயத் துண்டுகளை ரப்பர் பேண்டால் வயிற்றில் கட்டி, வாளித் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். கடலுக்குச் செய்வதானால் லிட்டருக்கு 35 கிராம் உப்பைக் கரைத்துக்கொள்ளுங்கள். நல்ல தண்ணீரில் சரியாக மிதப்பது கடலில் தூக்கிக்கொண்டு நிற்கும். ஈயத்தை வால் பக்கம் நகர்த்த நகர்த்த மூக்கு மேலே எழும். வால் தாழ்ந்து நிற்கும் மீனைத் தூண்டில் கோலின் நுனியால் சுண்டி, உடனே தூண்டில் நரம்பைத் தளரவிட்டால் மூக்கு இடப்பக்கம் திரும்பும். அடுத்த சுண்டலுக்கு வலப்பக்கம். அடிபட்ட மடவை மீன் மேல்மட்டத்தில் தடுமாறுவது அச்சு அசல் இப்படித்தான். இடம் பிடிபட்டதும் துளைத்து ஈயத்தை வைத்து மூடுங்கள். ஈயம் நஞ்சு, ஆகவே அதை வீட்டுக்குள் உருக்கவே கூடாது.

வண்ணம் பூசும்போது அம்பாசமுத்திரம் மரச் செப்புகள் நினைவுக்கு வராமல் இருக்காது. சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உரசும் சூட்டிலேயே நிறம் இளகி ஏறிவிடும். அவ்வளவு அழகான பூச்சு வேறில்லை என்பேன். ஆனால் லூர் பாறையில் மோதும், பல்லில் மாட்டும். அரக்கு அங்கே தாங்காது. எனவே மரத்துக்குள் நீர் இறங்காமல் தடுக்கும் சீலர் அடித்து, வண்ணம் பூசி, மேலே எப்பாக்சி என்ற கெட்டியான பிசின் பூச்சு போடுகிறேன். சீலரைக் கம்பித் துளைக்குள்ளும் ஓடவிட வேண்டும். அதை விட்டுவிட்டால் உள்ளிருந்து மரம் நீர் குடித்து உப்பி, மேல்பூச்சு வெடித்துவிடும். கண்களும் செதில்களும் எவ்வளவு நுணுக்கமாக வரைகிறோம் என்பது மீனைவிட நமக்குத்தான் முக்கியம். மீன் முதலில் பார்ப்பது அசைவை.

வீட்டில் லேத் இல்லையே என்று விட்டுவிட வேண்டாம். கட்டில் கால் கடையும் பட்டறை ஊருக்கு ஒன்றாவது இருக்கும். படம் வரைந்து கொண்டுபோய்க் கேளுங்கள், உற்சாகமாகவே செய்து தருவார்கள். நடுத்துளையை மட்டும் முன்பே போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். கடைசியாக முள் மாட்டும்போது, உள்பக்கம் பின்னோக்கி நீட்டியிருக்கும் அந்தச் சின்னக் கூர்முனையைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். சின்ன மீன் மாட்டினால் காயம் பெருக்காமல் கழற்றித் திரும்ப விடலாம். உங்கள் விரலில் ஏறினாலும் சுலபமாகக் கழன்று வரும்.

நன்றி, வணக்கம்.