கணக்கு நோட்டு மாணவர் கையில் இருக்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம். வேலூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஆசிரியராக இருந்தவன் நான். நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகவும் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். மாணவர்கள் தாங்களே முன்னின்று ஊருக்காகச் செய்யும் வேலைகளுக்குப் பணம் எப்படி வரவேண்டும் என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பணம் தருகிறவர்களுக்கு நம் பக்கத்தில் குறைவில்லை. தருகிற விதத்தில்தான் எனக்கு நெடுநாளாக மனக்குறை.

உங்கள் வீட்டிலும் கல்லூரிக்குப் போகிற பிள்ளை இருக்கலாம். ஏழு நாள் சிறப்பு முகாம் என்று பையைத் தூக்கிக்கொண்டு போய், வெயிலில் கறுத்துத் திரும்பி வந்திருக்கும். நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டான 1969-இல் தொடங்கியது. சேர்ந்த மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்யவேண்டும். உழைக்கப் பிள்ளைகள் தயார்தான். தெருவைச் சுத்தம் செய்கிறார்கள், மரக்கன்று நடுகிறார்கள். எட்டாம் நாள் பஸ் ஏறிவிடுகிறார்கள். அந்தக் கன்றுக்குச் சித்திரையில் யார் தண்ணீர் ஊற்றுவது? வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு சம்பவம் சொல்கிறேன். கணியம்பாடி ஒன்றியத்தில் ஒரு கிராமத்துப் பள்ளி. தண்ணீர்த் தொட்டி இருந்தது, குழாய்களெல்லாம் பழுது. பிள்ளைகள் தொட்டியின் மூடியைத் தள்ளிவிட்டுச் சொம்பு விட்டு மொண்டு குடித்தார்கள். எங்கள் இரண்டாம் ஆண்டு மாணவிகள் சிலர் இதைச் சரிசெய்யப் புறப்பட்டார்கள். ஆறு புதுக் குழாய், கீழே சிமெண்டுத் தளம், வழிகிற தண்ணீர் வாழை மரத்துக்குப் போக ஒரு வாய்க்கால். மொத்தம் 12,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு, நேதாஜி மார்க்கெட்டில் ஒரு மொத்த வியாபாரியிடம் போனார்கள். நானும் போனேன், வாசலோடு நின்றுகொண்டேன். பேசவேண்டியவர்கள் அவர்கள்தானே.

அவர் தாளை முழுவதும் படித்தார். பிறகு, "ஏம்மா, நீங்கள் படிப்பை முடித்துப் போன பிறகு குழாய் ஒழுகினால் யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டார். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. "இதற்குப் பதிலோடு வாருங்கள், பணம் தருகிறேன்" என்று அனுப்பிவிட்டார்.

அடுத்த வாரம் மறுபடியும் போனார்கள். ஆறு குழாய் இப்போது நான்காகியிருந்தது. மிச்சமான பணத்தில் இரண்டு உபரிக் குழாய், ஒரு பொட்டலம் வாஷர், டேப், ஒரு ஸ்பேனர். எல்லாம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், தலைமையாசிரியை பீரோவில். சத்துணவுக் கூடத்து அக்காவுக்கு வாஷர் மாற்றக் கற்றுக்கொடுப்பது என்றும் எழுதியிருந்தார்கள். வியாபாரி பாதிப் பணத்தை அப்போதே எடுத்துக் கொடுத்தார். மீதி, கணக்கைப் பார்த்த பிறகு.

கணக்கை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினார்கள். ஆட்டோ வாடகை, அரை அங்குலக் குழாய், மேஸ்திரி கூலி, ஊர்க்காரர் ஒருவர் இனாமாகக் கொடுத்த மணல் உட்பட எல்லாம் அதில் இருந்தது. அக்டோபர் 2 கிராம சபையில் ஒரு மாணவி எழுந்து அதை வாசித்தாள். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி குறுக்கிட்டார்: "நாலு மூட்டை சிமெண்ட் என்கிறாய். பூசியது மூன்று மூட்டைதானே? நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்." அந்தப் பெண் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். "ஒரு மூட்டை மிஞ்சியது பாட்டி, கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அந்தப் பணம் இதோ வரவில் இருக்கிறது." மூதாட்டி தலையாட்டினார். அதற்குப் பிறகு வாசிக்கப்பட்ட ஊராட்சிக் கணக்கையும் கூட்டம் அன்று காது கொடுத்துக் கேட்டது.

இதைத்தான் நான் மறுபடியும் மறுபடியும் சொல்லி வருகிறேன். பணத்தையும் நோட்டையும் மாணவர் கையில் கொடுங்கள். கணக்கை, வேலை நடந்த ஊரிலேயே வாசிக்கச் சொல்லுங்கள். கல்லூரி அலுவலகத்தில் ஒரு கோப்பில் போய் உறங்கும் கணக்கை யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை.

இளையவர்களை நம்பிப் பணம் தருவது நம் ஊருக்குப் புதிதா? வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் 1899-இல் மருத்துவப் படிப்பை முடித்த கையோடு நிதி கேட்டபோது, நியூயார்க் வங்கியாளர் ஷெல் 10,000 டாலர் கொடுத்தார். அந்தப் பணத்தில்தான் 1902-இல் வேலூரில் ஷெல் மருத்துவமனை எழுந்தது. அனுபவம் இருக்கிறதா என்று அந்த மனிதர் கேட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

அடுத்தது, காலம். மாணவருக்கு ஆண்டு என்பது ஜூன், ஜூலையில் பிறக்கிறது. நவம்பரில் ஒரு தேர்வு, ஏப்ரலில் ஒரு தேர்வு. கொடையாளருக்கோ ஆண்டு மார்ச்சில் முடிகிறது. அதனால் காசோலை மார்ச் கடைசியில் வந்து சேரும். எங்களுக்கு அப்படி ஒருமுறை வந்தது. பிள்ளைகள் கையில் பாடப் புத்தகம். ஏரிக் கால்வாய் தூர்வாரும் வேலையை யார் செய்வது? அந்த மழைக்காலம் வீணாயிற்று. 5,000 ரூபாயானாலும் ஆகஸ்டில் கொடுங்கள். மார்ச்சில் வருகிற 50,000-ஐவிட அது அதிகம் வேலை செய்யும்.

நேரம் நெருங்குகிறது என்று சைகை காட்டுகிறார்கள். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், சுருக்கிக்கொள்கிறேன். 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆனால் அதை ஒரு மாணவர் குழுவின் கையில் நேரடியாகக் கொடுக்கமாட்டார்கள். முறைப்படி பதிவு பெற்ற அறக்கட்டளையோ சங்கமோ நடுவில் வேண்டும். உங்கள் கல்லூரியின் அறக்கட்டளைக்கு அந்தப் பதிவு இருக்கிறதா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நமக்கு நாமே திட்டத்தில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு தருகிறது. மாணவர் திரட்டும் நிதியை அந்தப் பங்காகக் கட்டலாமா என்று ஒன்றிய அலுவலகத்தில் விசாரியுங்கள். நன்கொடைக்கு வரிச்சலுகை வேண்டுபவர்கள் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தராதீர்கள், வங்கி மூலமே தாருங்கள்.

பராமரிப்புக்குத் தனியாக ஒரு தொகை ஒதுக்காத எந்தத் திட்டத்துக்கும் கையெழுத்துப் போடாதீர்கள். வரும் ஜூலையில் பக்கத்துக் கல்லூரிக்குப் போய், நாட்டு நலப்பணித் திட்ட அலுவலரைப் பார்த்து, பிள்ளைகள் என்ன செய்ய நினைக்கிறார்கள் என்று கேளுங்கள். நன்றி, வணக்கம்.