யாருக்கும் தெரியாத பேய்ப்படத்த ஏன் சேத்து வைக்கிறோம்

எல்லாருக்கும் வணக்கம், ஹட்டன்ல இந்த மழைக்குள்ளயும் பேய்ப்படம் பத்தி கேக்க வந்திருக்கீங்க, ரொம்ப சந்தோசம்.

புதுப்படமே போன்ல வருதே, பேர் தெரியாத பழைய பேய்ப்படத்த எதுக்கு தேடித் தேடி சேக்கிறீங்கன்னு கேக்கிறாங்க. ஒரு படத்த வச்சே சொல்றேன். 1962ல வந்த 'கார்னிவல் ஒஃப் சோல்ஸ்'. எடுத்தவரு ஹெர்க் ஹார்வி, அமெரிக்காவுல கேன்சஸ்ல கம்பெனிகளுக்கும் ஸ்கூலுக்கும் படம் எடுத்துக்கிட்டு இருந்தவரு, ஒருக்கா கார்ல வரும்போது யூட்டாவுல உப்பு ஏரிக்கரையில கைவிடப்பட்டு கெடந்த சால்டேர்ங்கிற பழைய கேளிக்கை மண்டபத்த கண்டிருக்காரு, அந்த இடத்துக்காகவே கதை எழுத வச்சி சுமார் மூணு வாரத்துல எடுத்து முடிச்சிட்டாரு. வெள்ளை மூஞ்சியோட வர்ற பேயும் அவரேதான், ஏன்னா கையில காசு இல்ல.

அதுல ஒரு சீன். கதாநாயகி துணிக்கடையில உடுப்பு போட்டுப் பாத்துட்டு வெளிய வர்றா, சுத்தியிருக்கிற சத்தம் எல்லாம் போயிருது. கடைக்காரம்மாகிட்ட பேசுறா, அந்தம்மா இவள பாக்கவே இல்ல. கத்தியும் இல்ல, ரத்தமும் இல்ல, ஆனா நெஞ்சு அடைக்குது. விடியக்காலம் பெரட்டுக்கு, அதான் தோட்டத்துல வேலைக்கு பேர் குடுக்க, போற நம்ம ஆளுங்களுக்கு இது தெரியும், மூடுபனி எறங்கினா பக்கத்து மலையில பேசுறது கேக்கும், ஆள் தெரியாது. படத்துல அதுவே தலைகீழா நடக்குது. காசு கொட்டி எடுத்த படத்துல இந்த பயம் லேசுல கெடைக்காது, அதுக்குத்தான் தேடுறோம்.

இன்னொரு விசயம். 1922ல வந்த 'நொஸ்ஃபெராட்டு'வ எரிச்சு அழிக்கணும்னு 1925ல ஜெர்மன் கோர்ட் தீர்ப்பு குடுத்துச்சு, அந்தக் கதைய கேக்காம எடுத்துட்டாங்கன்னு 'டிராகுலா' எழுதினவரோட மனைவி போட்ட கேஸ். அங்கங்க கெடந்த பிரதிகளாலதான் இன்னைக்கு அத பாக்கிறோம். யாரோ ஒருத்தர் பத்திரமா வச்சிருந்தா படம் பொழைக்கும், அவ்வளவுதான்.

நம்ம ஊர் ஈரத்துக்கு வீடியோ கேசட் தாங்காது. கேசட்ட தூக்கி அதுல இருக்கிற சின்ன கண்ணாடி ஜன்னல் வழியா பாருங்க, டேப் ஓரத்துல வெள்ளையா பவுடர் மாதிரி இருந்தா அது பூஞ்சணம், தயவுசெஞ்சு அத வீடியோ டெக்ல போடாதீங்க, டெக் ஹெட்டும் கெட்டு அடுத்து போடுற கேசட்டுக்கும் ஒட்டிரும். நல்ல கேசட்ட நிமித்தி வைங்க, அடுப்படி பக்கம் வேணாம்.

டெக் வாடகைக்கு எடுத்து லயத்துல விடிய விடிய படம் போட்ட காலத்து கேசட் யார் வீட்டு பரண்ல கெடந்தாலும் கொண்டு வாங்க, லேபல் கிழிஞ்சிருந்தாலும் பரவாயில்ல, என்ன படம்னு போட்டுப் பாத்து நாங்க கண்டுபிடிச்சிக்கிறோம்.