பூல் ஏற்க மறுத்த பூலியன் விதி

[திரை: கரும்பலகையில் அ × அ = அ]

எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் அதே எண் திரும்ப வரும்? 2 வராது, 4 ஆகிவிடும். 3 போட்டால் 9. தேடிப் பார்த்தால் 0, 1 இரண்டு மட்டும்தான் தேறும். கம்ப்யூட்டருக்குள் ஓடுவதும் இதே 0, 1 தான். ஆனால் இந்தச் சமன்பாட்டை எழுதியவர் வீடுகளுக்கு மின்விளக்கே வராத காலத்தவர்.

பெயர் ஜார்ஜ் பூல். இங்கிலாந்தின் லிங்கன் நகரில் செருப்புத் தைப்பவரின் மகன். பட்டம் வாங்காதவர். 16 வயதில் பள்ளி ஆசிரியர் வேலைக்குப் போனார், கணிதத்தைத் தானாகவே படித்துக்கொண்டார். 1847-இல் தர்க்கம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதற்கு அவரை உசுப்பிவிட்டது ஒரு சண்டை. ஸ்காட்லாந்துத் தத்துவப் பேராசிரியர் வில்லியம் ஹாமில்டனும் லண்டன் கணிதப் பேராசிரியர் அகஸ்டஸ் டி மார்கனும், ஒரு தர்க்க யோசனை யாருடையது என்று ஊரறிய மோதிக்கொண்டார்கள். (டி மார்கன் பிறந்தது மதுரையில், 1806-இல். பள்ளிக் கணக்கில் கணங்கள் பாடத்தில் வரும் டி மார்கன் விதிகள் இவருடையவைதான்.)

[திரை: ஆட்டு மந்தை. வெள்ளை ஆடுகள் மட்டும் வட்டமிடப்படுகின்றன]

பூலின் யோசனை இதுதான். எழுத்து என்றால் எண் இல்லை, ஒரு கூட்டம். ‘வெள்ளையானவை’ ஒரு எழுத்து, ‘ஆடுகள்’ இன்னொரு எழுத்து. இரண்டையும் பெருக்கினால் வெள்ளை ஆடுகள். சரி, வெள்ளையை வெள்ளையாலேயே பெருக்கினால்? வெள்ளையானவற்றில் வெள்ளையானவை, அதாவது அதே கூட்டம். அதனால்தான் அ × அ = அ.

எல்லாமும் சேர்ந்தது 1, ஒன்றுமில்லாதது 0. ‘வெள்ளை அல்லாதவை’ வேண்டுமா? 1 − அ. இப்போது பலகைச் சமன்பாட்டைக் கொஞ்சம் நகர்த்தினால் அ × (1 − அ) = 0 என்று வரும். ஒரு பொருள் வெள்ளையாகவும் வெள்ளை அல்லாததாகவும் இருக்க முடியாது! அரிஸ்டாட்டில் எல்லாவற்றுக்கும் அடிப்படை என்று வைத்த விதி, இரண்டு வரிக் கணக்கில் விழுந்துவிட்டது. 1854-இல் வந்த பெரிய நூலில் பூல் இதைக் காட்டுகிறார். என்னைக் கேட்டால் அந்த நூலின் உச்சம் இந்த இடம்தான்.

[திரை: அ + அ = ?]

கூட்டலில்தான் சிக்கல். ஒன்றோடொன்று கலக்காத கூட்டங்களை மட்டுமே கூட்டலாம் என்பது பூலின் நிபந்தனை. 1860-களில் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற இளைஞர் அவருக்குக் கடிதம் எழுதினார். ஆட்டு மந்தையோடு அதே மந்தையைச் சேர்த்தால் அதே மந்தைதானே, ஆகவே அ + அ = அ என்பது அவர் வாதம். பூல் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது: இரண்டு பக்கமும் ஒரு அ-வைக் கழித்தால் அ = 0 ஆகிவிடும், எந்தக் கூட்டமும் மிஞ்சாது. ஜெவன்ஸோ கழித்தலையே தூக்கிப் போட்டுவிட்டார். பூல் 1864 டிசம்பரில் இறந்தார். பின்னால் வந்த தர்க்க அறிஞர்கள் பியர்ஸ், ஷ்ரோடர் எல்லோரும் ஜெவன்ஸ் பக்கம் சாய்ந்தார்கள். அதாவது இன்று ‘பூலியன்’ என்று படிக்கிற இயற்கணிதத்தில் பூல் ஏற்காத விதி ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

ஜெவன்ஸ் அதோடு விடவில்லை. பியானோ போல விசைப்பலகை வைத்த தர்க்க இயந்திரம் ஒன்றைச் செய்வித்து, 1870-இல் லண்டனின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டியில் காட்டினார். அது ஓடியது மின்சாரத்தில் அல்ல, கம்பியிலும் நெம்புகோலிலும்தான்.

[திரை: ரிலே சுவிட்சுகள் திறந்து மூடுகின்றன]

இனி 1937, அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். கிளாட் ஷானன், வயது 21. வன்னிவர் புஷ்ஷின் பெரிய கணிப்பு இயந்திரத்தில் ரிலே (மின்சாரமே திறந்து மூடும் சுவிட்ச்) சுற்றுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். மிச்சிகனில் படித்தபோது தர்க்க வகுப்பில் பூலைத் தெரிந்துகொண்டவர். முதுகலை ஆய்வேட்டில் இரண்டையும் கோத்துவிட்டார்.

மின்சாரம் போக வழி இருந்தால் 0, வழி அடைத்தால் 1 என்று வைத்தார். ஆமாம், இன்றைய பாடப்புத்தகத்துக்குத் தலைகீழ்! இரண்டு சுவிட்சைத் தொடராக இணைத்தால் அது கூட்டல். இரண்டுமே அடைத்திருந்தால்? வழி அடைத்துத்தான் இருக்கும், இரு மடங்கு அடைப்பு என்று ஒன்று கிடையாது. 1 + 1 = 1. ஜெவன்ஸின் விதி செம்புக் கம்பியில் அப்படியே நிற்கிறது. 0-வையும் 1-ஐயும், கூட்டலையும் பெருக்கலையும் இடம் மாற்றினாலும் கணக்கு கெடாது. அதற்கு உத்தரவாதம் மதுரையில் பிறந்தவரின் விதிகள்.

இதே யோசனையை 1930-களில் ஜப்பானில் அகிரா நகாஷிமாவும், சோவியத் ஒன்றியத்தில் விக்டர் ஷெஸ்டகோவும் தனித்தனியாக எட்டினார்கள். ஷானனின் கட்டுரை 1938-இல் அச்சானது. ரிலேக்களை வைத்து இரும எண்களை, அதாவது 0, 1 மட்டும் வைத்து எழுதும் எண்களைக் கூட்டும் சுற்று ஒன்றும் அதில் இருக்கிறது.

[திரை: 1 + 1 = 10]

அந்தச் சுற்றில் கூட்டுவது கூட்டங்களை அல்ல, எண்களை. அதனால் 1-உம் 1-உம் சேர்ந்தால் 10, அதாவது இரும முறையில் இரண்டு. இந்த இடத்தில் 0, அடுத்த இடத்துக்கு 1. அந்த 0-வைத் தருவது ‘இதுவோ அதுவோ, இரண்டும் அல்ல’ என்கிற எக்ஸ்-ஆர். பூல் கேட்ட கலக்காத கூட்டலுக்கு நெருங்கிய சொந்தம் அது. அடுத்த இடத்துக்குப் போகும் 1-ஐத் தருவது ‘இதுவும் அதுவும்’ என்கிற அண்ட் கேட், அதாவது பூலின் பெருக்கல்.