போலீஸ் செயலி: போனில் ஏறுவது ஒன்று, தங்குவது வேறு

[திரையில்: இரவு நேரத் தெரு, ஒரு கை போனைத் திறக்கிறது]

பக்கத்து வீட்டில் திருட்டு நடந்த மறுநாள், புகார் அனுப்ப உதவும் காவல்துறையின் செயலியை இறக்கிக்கொள்ளத் தோன்றுவது இயல்புதான். பயம் தணிந்த பிறகும் அதைத் திறக்கிறோமா என்பதுதான் கேள்வி.

புதிய தொழில்நுட்பத்தை மக்கள் ஏன் ஏற்கிறார்கள் என்பதற்கு 1989-இல் ஆய்வாளர் பிரெட் டேவிஸ் சொன்ன காரணங்கள் இரண்டு: அதனால் பயன் உண்டு என்ற எண்ணம், பயன்படுத்துவது சுலபம் என்ற எண்ணம். 2003-இல் விஸ்வநாத் வெங்கடேஷும் டேவிஸ் உள்ளிட்ட மூவரும் இன்னும் இரண்டைச் சேர்த்தார்கள்: சுற்றியிருப்பவர்களின் தூண்டுதல், கைக்கு எட்டும் வசதிகள்.

சரி, வங்கிச் செயலிக்கு இது போதும். இங்கே மறுமுனையில் இருப்பது போலீஸ் ஆயிற்றே.

[திரையில்: புகார்ப் படிவம்]

சந்தேகப்படும்படி நிற்கும் வண்டியைப் படம் எடுத்தாயிற்று. அடுத்து பெயர், செல் எண், இருப்பிட அனுமதி. விரல் அங்கேதான் தயங்கும். இதை யார் பார்ப்பார்கள்? சாட்சி சொல்லக் கூப்பிடுவார்களா? வண்டிக்காரருக்கு என் பெயர் தெரிந்துவிடுமா? இதற்குத் தெளிவான பதில் அந்தத் திரையிலேயே இருக்க வேண்டும். பெயர் சொல்லாமல் புகார் தரும் வழி இருந்தால் இன்னும் நல்லது.

பயம் வீண் அல்ல. 2021-இல் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் காட்டுத்தீ பிடித்தபோது, 'சிட்டிசன்' என்ற தனியார் செயலி தீ வைத்தவர் என்று ஒருவரின் படத்தைப் போட்டு, அவரைப் பற்றித் தகவல் தந்தால் 30,000 டாலர் என்று அறிவித்தது. அவருக்கும் தீக்கும் சம்பந்தமே இல்லை!

[திரையில்: 'பெறப்பட்டது' என்பது 'ரோந்து அனுப்பப்பட்டது' என மாறுகிறது]

என்னைக் கேட்டால், மக்களைத் தக்கவைப்பது இந்த ஒற்றை வரிதான். நடவடிக்கை எடுக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, ஏன் முடியவில்லை என்று சொன்னால் போதும். காவல்துறை நியாயமாக நடத்துகிறது என்று உணர்ந்தவர்களே அதோடு ஒத்துழைப்பார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் டாம் டைலர் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார். புகார் கிணற்றில் போட்ட கல்லாகிவிட்டால் அடுத்த முறை யார் அனுப்புவார்கள்?

[திரையில்: புள்ளிகள் நிறைந்த வரைபடம்]

அப்புறம், புகார் வந்த இடங்களைப் புள்ளிகளாகக் காட்டும் இந்த வரைபடம். புள்ளி இல்லாத தெருவில் குற்றம் இல்லை என்று பொருள் அல்ல. அங்கே ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் இருக்கலாம், போலீஸ் என்றாலே ஒதுங்கிப் போகிறவர்களும் இருக்கலாம். புள்ளிகளை மட்டும் பார்த்து ரோந்து அனுப்பினால், அந்தத் தெருக்களுக்கு யாருமே போக மாட்டார்கள்.