கதரில் ஏறட்டும் நம் மூன்று நிறம்

(சுதந்திர தின விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அய்யா அவர்களே, காலையிலிருந்து நாலு இடத்தில் கொடியேற்றிவிட்டு இங்கேயும் வந்து அமர்ந்திருக்கிற பேரூராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, எனக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்த தமிழாசிரியர் அய்யா அவர்களே, பந்தல் போட்டுக் கொடுத்த நெசவாளர் சங்கத்துப் பெரியவர்களே, முன்வரிசையில் இருக்கும் கண்ணுகளா, எல்லோருக்கும் வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

மூன்று நிறத்துக்கு மூன்று சேதி சொல்ல வந்தேன். 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை நம் கொடியை ஏற்றுக்கொண்டபோது டாக்டர் ராதாகிருஷ்ணன் அதற்குப் பொருள் சொன்னார். காவி, துறவு. நாட்டை நடத்துகிறவர்கள் சொந்த லாபத்தை மறக்க வேண்டும். வெள்ளை, உண்மையின் ஒளி. பச்சை, மண்ணோடும் பயிரோடும் நமக்குள்ள உறவு. வெள்ளைக்கும் பச்சைக்கும் அப்புறம் வருகிறேன். நிறம் எந்தத் துணியில் ஏறியிருக்கிறது? அதை முதலில் கேட்போம். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பார்கள்.

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது, ஆகஸ்ட் 14 சாயங்காலம், பள்ளிக்கூடத்துக் கதர்க் கொடியைத் துவைத்து வரச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். நெசவுக்காரர் வீட்டுப் பையன், துணி தெரியும் என்று நம்பிக்கை. நான் சுடுதண்ணீரில் சோடா உப்புப் போட்டு முக்கி எடுத்தேன். பச்சை இறங்கி வெள்ளையில் திட்டுத் திட்டாகப் படிந்துவிட்டது. அழுதுகொண்டே தெருக்கோடி சாயக்காரரிடம் ஓடினேன். அவர் விரல் நகமெல்லாம் நீலம். விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, "கண்ணு, துணி நல்ல கதர். சாயந்தான் கெட்டிச் சாயமில்லை. பச்சைத் தண்ணியில அலசி நெழல்ல போட்டிருக்கோணும்" என்றார். தோளில் கிடந்த கதர்த் துண்டை எடுத்து, வெள்ளைப் பட்டை அளவுக்குக் கிழித்தார். எங்கம்மா பழைய தையலைப் பிரித்துப் புதுப்பட்டையை வைத்துத் தைத்தார். நீலத்தைத் தொட்டு சாயக்காரர் நடுச் சக்கரத்துக்கு ஆரக்கால் போடப் போட, நான் எண்ணினேன். இருபத்து நாலு. முடிக்கும்போது கோழி கூவிவிட்டது. காலையில் கொடி ஏறியபோது, மதில் சுவருக்கு அந்தப் பக்கம் தோளில் துண்டில்லாமல் அவர் நின்றார்.

கந்தையானாலும் கசக்கிக் கட்டு. கசக்கிக் கட்டத் துணி வேண்டுமே! போன வருஷம் ஆகஸ்ட் 16 அன்று எங்கள் வீதிச் சாக்கடையில் பதினோரு பிளாஸ்டிக் கொடிகளை நான் குனிந்து பொறுக்கினேன். கொடியைத் தரையில் போடக் கூடாது, கிழிந்தால் மரியாதையோடு தனியே எரிக்க வேண்டும் என்று 2002 கொடிச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. பிளாஸ்டிக்கை எரித்தால் நாற்றந்தான் வரும். 2021 டிசம்பரில் அந்தச் சட்டத் தொகுப்பைத் திருத்தி, பாலியஸ்டர் துணிக்கும் இயந்திரத்தில் செய்த கொடிக்கும் இடம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வீடு கொடி பறப்பதில் எனக்குச் சந்தோஷந்தான். ஆனால் நூற்றவர் கூலியும் நெய்தவர் கூலியும் அந்தக் கொடியில் இல்லை. கர்நாடகத்தில் ஹுப்பள்ளி பெங்கேரியில் இன்றும் கதர்க் கொடி செய்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள். நம் பள்ளிக்கூடங்கள் கேட்டால்தானே அந்தத் தறி ஓடும்?

நம்ம குமரனை நினைத்துப் பாருங்கள். 1904-ல் சென்னிமலையில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். 1932 ஜனவரி 10 அன்று திருப்பூர் ஊர்வலத்தில் மண்டையில் தடியடி விழுந்தும் கொடியை விடவில்லை. மறுநாள் உயிர் போயிற்று. வயது 27. அன்றைய மூவண்ணக் கொடியின் நடுவில் இருந்தது ராட்டை. நூற்கிற ராட்டை!

நேரமாகிவிட்டதென்று தலைவர் அய்யா பார்க்கிறார். வெள்ளையும் பச்சையும் இன்னொரு மேடைக்கு இருக்கட்டும். வாசல் மேசையில் ஒரு மனு இருக்கிறது. வருகிற ஜனவரி 26 அன்று நம் பேரூராட்சியில் உள்ள எல்லாப் பள்ளிகளிலும் கதர்க் கொடி ஏற வேண்டும் என்று எழுதியிருக்கிறோம். அம்மா அவர்கள் முதல் கையெழுத்துப் போட இசைந்திருக்கிறார்கள். அடுத்த கையெழுத்து நெசவாளர் சங்கத்துப் பெரியவர்களுடையது. பேனா அங்கேயே இருக்கிறது. வணக்கம்.